முதல் நாள் மெதுவாக: பழனிக்கு நடப்பவர்களின் கேள்விகள்

மார்கழி பிறந்தால் எனக்குக் கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்தது இல்லை. இதுவரை 17 தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்திருக்கிறேன். விரத முறை, பூஜை பற்றிய கேள்விகளை விவரம் தெரிந்த குருசாமிகளிடம் கேளுங்கள். இடுப்புக்குக் கீழே இருக்கிற கேள்விகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொந்த ஊர் காரைக்குடி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தினமும் ஜிம் போகிறேன், டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் ஓடுவேன். இந்த வருஷம் முதல் முறையாக நண்பர்களோடு நடக்கிறேன். எனக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா? புது ஷூ ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்.
— 27 வயது வாசகர், சென்னை

தம்பி, உங்கள் நெஞ்சும் தொடையும் தயார். பாதம்தான் தயாராக இல்லை. ஒரு மணி நேரம் ஓடுவதும், ஒன்பது மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அதே காலில் மறுபடி நடப்பதும் ஒன்றில்லை. எங்கள் கூட்டத்தில் முதலில் உட்கார்ந்துவிடுபவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுப் பையன்கள். முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு எல்லோரையும் முந்திப் போவார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறுபத்தைந்து வயது அப்பத்தா ஒருத்தி தூக்குவாளியோடு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பாள்.

பூசத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, தாராளம். வார நாளில் ஐந்து கிலோமீட்டர் போதும். சனிக்கிழமை பத்து, அடுத்த வாரம் பதினைந்து, அதற்கடுத்து இருபது என்று ஏற்றுங்கள். முக்கியம் என்னவென்றால், நீளமாக நடந்த சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பன்னிரண்டு கிலோமீட்டராவது நடக்க வேண்டும். வலிக்கிற காலோடு எழுந்து நடக்கிற அந்த இரண்டாம் நாள்தான் உண்மையான பயிற்சி. டிரெட்மில்லில் வேண்டாம், தார்ச்சாலையில் நடங்கள். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

ஷூ வாங்குவதென்றால் இன்றைக்கே வாங்குங்கள், புறப்படுகிற வாரத்தில் வாங்காதீர்கள். சாயங்காலம் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், யாத்திரையிலும் அப்படித்தான் வீங்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நான் இரண்டாவது வருஷம் செய்த கூத்தைச் சொல்கிறேன். புறப்படுவதற்கு முந்தின நாள் தள்ளுபடியில் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கினேன். கடையில் பொருத்தமாகத்தான் இருந்தது. சிங்கம்புணரி போய்ச் சேர்வதற்குள் இரண்டு கட்டைவிரல் நகமும் கருநீலமாகிவிட்டன. நத்தத்தில் ஷூவைக் கழற்றி ஒரு டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு, பக்கத்திலேயே ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். ஊருக்கெல்லாம் காலைப் பற்றிப் புத்தி சொல்கிற நர்ஸ் அம்மாவின் லட்சணம் அது.

கொப்புளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வரும். வருவதற்கு முன்னால் ஓர் இடம் சுள்ளென்று சூடாகும். பாதத்தின் முன்பக்க மெத்தையிலோ குதிகால் ஓரத்திலோ. ‘அடுத்த டீக்கடையில் பார்த்துக்கலாம்’ என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே உட்காருங்கள். துடைத்து, ஈரம் போனபின் மைக்ரோபோர் பிளாஸ்டரைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை. அதைத் தள்ளிப்போட்டால் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம் எழும்பிவிடும்.

எழும்பிவிட்டால், சின்னதை அப்படியே விடுங்கள். பெரிதாகி நடக்கவே முடியவில்லை என்றால் மட்டும் கையையும் அந்த இடத்தையும் கழுவி, சுத்தமான புது ஊசியால் ஓரத்தில் குத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். மேல் தோலை உரிக்கக் கூடாது. அதைவிட நல்ல கட்டு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. நூல் கோத்த ஊசியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடுகிற வைத்தியம் ஒன்று கூட்டத்தில் நடக்கும். செய்பவர் அனுபவசாலி போலத்தான் பேசுவார். காலைக் கொடுக்காதீர்கள். தெருவிலிருக்கிற அழுக்கு உள்ளே போவதற்கு அந்த நூல்தான் வழி.

எந்த வழி, எத்தனை நாள்? நகரத்தார் காவடியோடு நாங்களும் சேர்ந்துகொள்ளலாமா?
— வாசகர், தேவகோட்டை

குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. இதுதான் எங்கள் பக்கத்தின் வழி. மொத்தம் 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். நாங்கள் ஆறு நாள் வைத்துக்கொள்கிறோம். நாலு நாளில் போகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து 400 ஆண்டுகளுக்கும் மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது. சர்க்கரைக் காவடி. முன்னால் வேல் போகும். எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக முறைப்படி நடக்கிறது. அந்த முறைக்குள் நுழைய அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பின்னாலும் பக்கத்திலும் நடக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை, எல்லா ஊர்க்காரர்களும்தான் நடக்கிறோம். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைப் பார்த்து எனக்கு வெட்கம். காவடிக்காரர்கள் பழனியிலிருந்து திரும்பியும் நடந்தே வருகிறார்கள். நாங்கள் பஸ்ஸில் சன்னலோரம் பிடித்துத் தூங்கிக்கொண்டு வருகிற கூட்டம்.

வயது 52. எட்டு வருஷமாகச் சர்க்கரை. மகனுக்கு வேலை கிடைத்தால் வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் பயப்படுகிறார்கள். போகலாமா?
— வாசகி, மேலூர்

போகலாம் அக்கா. வெறுங்காலோடு போகலாமா என்பதுதான் கேள்வி.

இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். மகனை ஒரு பஞ்சுத் துணுக்கால் உங்கள் கால்விரல் நுனிகளை மாற்றி மாற்றி மெல்லத் தொடச் சொல்லுங்கள். எந்த விரலைத் தொட்டான் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டைத் தவறவிட்டாலும் உங்கள் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகச் சொன்னாலும் டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் கூட்டத்தில் ஒரு வருஷம் உங்களைப் போலவே ஒரு ஆத்தா வெறுங்காலோடு வந்தார். தை மாசம் விடிகாலையில் பனி, மத்தியானம் பதினொரு மணிக்கு மேல் தார் கொதிக்கும். நாங்கள் எல்லாரும் சாலையை விட்டு ஓரத்து மண்ணுக்கு ஓடினோம். அவர் மட்டும் நடுவே நிதானமாக நடந்தார். ‘முருகன் எனக்குச் சூடே தெரியாம பண்ணிட்டான்’ என்றார். ராத்திரி மண்டபத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பாதமும் வெந்திருந்தன. இடது குதிகாலில் ஒரு கருவேல முள் முழுசாக உள்ளே இருந்தது. அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மறுநாள் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். அந்தப் புண் ஆற நாலு மாதத்துக்கு மேல் ஆனது. விரலோடு காலைக் காப்பாற்றிக்கொண்டதே பெரிய விஷயம்.

அதனால் உணர்வு குறைந்திருந்தால் செருப்பில்லாமல் ஓர் அடியும் வேண்டாம். நேர்த்திக்கடன் பாக்கி நிற்குமே என்றால், அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவது எப்படியும் வெறுங்காலில்தான். கிட்டத்தட்ட 700 படி. காலைக் கெடுத்துக்கொண்டு வா என்று எந்தச் சாமியும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் கோயிலில் ஒரு பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவரும் இதைத்தான் சொல்வார்.

இன்னொன்று. நாளெல்லாம் நடந்தால் சர்க்கரை இறங்கும். வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ அதே அளவில் போட்டுக்கொண்டு நடந்தால் மயக்கம் வரலாம். நீங்களாகக் குறைக்காதீர்கள், ஆறு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ வாயில் போட வேண்டும்; அது மூட்டைக்குள் இருந்து பிரயோஜனம் இல்லை, இடுப்புப் பையில் இருக்க வேண்டும். முகாம்களில் காலை நனைக்க வெந்நீர் வைத்திருப்பார்கள். காலை விடுவதற்கு முன் முழங்கையை விட்டுப் பாருங்கள். தினமும் ராத்திரி ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

என்ன என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? ஒரு பட்டியல் கொடுங்கள்.
— வாசகர், புதுக்கோட்டை

பட்டியல் கொடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். தண்ணீர் நீங்கலாக மூட்டை நாலு கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு செட் துணி, ஒரு போர்வை, துண்டு, டார்ச், பிளாஸ்டர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு, உங்கள் சொந்த மருந்து, தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். கடைசியாகச் சொன்னதைக் குறைவாக நினைக்காதீர்கள். முப்பது கிலோமீட்டர் நடந்தபின் கால் வலியைவிடத் தொடை உரசல்தான் ஆளைக் கொல்லும். ஆண்கள் வேட்டிக்குள்ளும் பெண்கள் சேலைக்குள்ளும் முழங்காலுக்கு மேல் நிற்கிற இறுக்கமான அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் போடுவது. நான் 58 வயதில்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முன்னால் நடந்த வருஷங்களை நினைத்தால் கோபம் வருகிறது.

நகத்தை ஒரு வாரம் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். புறப்படுகிற அன்று வெட்டினால் சதையைச் சேர்த்து வெட்டுவீர்கள்.

கல்லூரியில் படிக்கிற என் மகளும் வருகிறேன் என்கிறாள். மாதவிலக்குத் தேதி சரியாக நடுவில் வருகிறது. மாத்திரை போட்டுத் தள்ளி வைக்கலாமா? வழியில் கழிப்பறை வசதி எப்படி?
— தாய், சிவகங்கை

மாத்திரை விஷயத்தை முதலில் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, போன வருஷம் மிச்சமானது என்று எதையும் போடக் கூடாது. சிலருக்கு அந்த மாத்திரை ஆகாது. ரத்தம் உறைகிற கோளாறு குடும்பத்தில் இருக்கிறதா, ஒற்றைத் தலைவலி உண்டா என்றெல்லாம் டாக்டர் கேட்ட பிறகுதான் எழுதித் தர வேண்டும். அதுவும் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள், இப்போதே போங்கள். மாத்திரை இல்லாமலே வரட்டும், நடுவில் வந்தால் வரட்டும் என்பது என் கருத்து. பல கூட்டங்களில் அந்த நாட்களில் மாலையோடு நடக்க விடமாட்டார்கள். உங்கள் குருசாமியிடம் முன்கூட்டியே வாய்விட்டுக் கேளுங்கள். பாதி வழியில் அழ வைப்பதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கழிப்பறைதான் பெரிய பாடு. முன்னைக்கு இப்போது பரவாயில்லை, திண்டுக்கல் தாண்டினால் தற்காலிகக் கழிப்பறைகள் கண்ணில் படுகின்றன. ஆனாலும் பெண்கள் செய்கிற தப்பு ஒன்று, போக இடம் இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் நடப்பது. மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, நாலாம் நாள் காய்ச்சல். இதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் எதைக் கண்டாலும், அவசரம் இல்லாவிட்டாலும் போய்விட்டு வாருங்கள். நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்தே நடப்போம். ஒருத்தி நின்றால் நாலு பேரும் நிற்போம், ஒரு பழைய சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்வோம். மகளுக்கும் அப்படி ஒரு துணை இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்களும் கிளம்புங்கள்.

போன வருஷம் திண்டுக்கல்லில் முகாமில் வலி ஊசி போட்டுக்கொண்டு நடந்து முடித்தேன். இந்த வருஷம் கையோடு மாத்திரை வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், மானாமதுரை

ஊசி போட்டதும் வலி போனதா? வலிக்குக் காரணமானது அங்கேயே இருந்தது, உங்களுக்குச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில், வேர்த்து உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் போட்டால் வயிறும் சிறுநீரகமும் சேர்ந்து அடி வாங்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் மோசம். ராத்திரி சாப்பிட்ட பிறகு பாராசிட்டமால் ஒன்று, சுவரில் காலைத் தூக்கி வைத்துப் பத்து நிமிஷம், அவ்வளவுதான் என் வைத்தியம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சூடாக வலித்தால் அமுக்கிவிடச் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு அடைத்தால் 108.

வழியெல்லாம் அன்னதானம் என்கிறார்களே, சாப்பாட்டுக்குக் கவலை இல்லைதானே?
— வாசகர், பரமக்குடி

கவலையே அதுதான் ஐயா! இட்லி, பொங்கல், சுண்டல், கேசரி, தக்காளி சாதம் என்று பத்தடிக்கு ஒரு பந்தல். கொடுப்பவர்கள் கும்பிட்டுக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. நான் சொல்லப் பழகிக்கொண்டேன். சூடாக இருக்கிறதை மட்டும், அரை வயிற்றுக்கு. வெயிலில் இருந்த தயிர்சாதமும் டிரம்மில் கரைத்து வைத்த ஜூஸும் வேண்டவே வேண்டாம். வயிறு போனால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும், தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கரைக்கக் கூடாது. பொட்டலம் இல்லையா, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

ராத்திரியில் நடப்பது நல்லதா, பகலிலா?
— வாசகி, காளையார்கோவில்

வெயிலுக்கு ராத்திரி நல்லது, லாரிக்குப் பகல் நல்லது. ஒட்டன்சத்திரம் பெரிய காய்கறிச் சந்தை. ராத்திரியெல்லாம் வண்டிகள் பறக்கும், கேரளா வரைக்கும் போக வேண்டியவை. ஓட்டுபவர்களும் தூக்கக் கலக்கத்தில்தான் இருப்பார்கள், நடப்பவர்களும் அப்படித்தான். நான் விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பிப் பத்தரை வரை, பிறகு நாலு மணியிலிருந்து எட்டு வரை நடப்பேன். எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாலையின் வலது ஓரமாக நடங்கள். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், வழியில் போலீஸ்காரர்கள் ஒட்டிவிட்டாலும் மறுக்காதீர்கள். பச்சை வேட்டி ராத்திரியில் கறுப்பு வேட்டிதான். ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் நடப்பவர்களுக்கென்றே ஓரத்தில் பாதை போட்டிருக்கிறார்கள், அது இருக்கிற இடத்தில் சாலையில் ஏறாதீர்கள். காதில் பாட்டு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

பழனி போய்ச் சேர்ந்த பிறகு எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகர், திருமயம்

பூசத்தன்றே போய்ச் சேர்ந்தால் வரிசையில் நிற்பது ஏழாம் நாள் நடையாகிவிடும். நாங்கள் இரண்டு நாள் முன்னதாகப் போய்விடுவோம். மேலே செல்போன் கொண்டுபோக 2023இலிருந்து தடை, அடிவாரத்தில் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அதனால் எங்கே சந்திப்பது என்று கூட்டத்தில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது படியில் ஏறுங்கள். இறங்கும்போது, அந்த வழியில் விட்டால், யானைப்பாதையில் இறங்குங்கள். அது சரிவாக வளைந்து வரும். ஆறு நாள் நடந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வில்லங்கம்.

வீட்டுக்கு வந்ததும்?
— அதே வாசகர்

இரண்டு நாள் கட்டிலிலேயே கிடக்காதீர்கள், கால் மரக்கட்டையாகிவிடும். காலையும் மாலையும் கால் மணி நேரம் தெருவில் நடங்கள். கொப்புளம் சிவந்து சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டிவிடுங்கள். கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம், அதுவாக விழும். கட்டைவிரல் நகம் முழுசாக வளர்ந்து வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கான்வாஸ் ஷூ வருஷத்து நகம் எனக்கு முக்கால்வாசிதான் வளர்ந்திருந்தது, அதற்குள் அடுத்த மாலையைப் போட்டுவிட்டேன்.